பிரெண்டா ஆற்றின் மரப்பாலமும் பஸ்ஸானோ நகரும்

வட இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில், பிரெண்டா ஆறு ஆல்ப்ஸ் மலைப்பள்ளத்தாக்கை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில் அமைந்துள்ள பஸ்ஸானோ தெல் கிராப்பா, 1404-இல் வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குள் வந்து, மலைக்காடுகளின் மரங்கள் ஆற்றில் மிதந்து வெனிசுக்குச் செல்லும் வழியில் வளம் பெற்ற ஊராகும்.

1567-ஆம் ஆண்டு வெள்ளத்தில் பழைய பாலம் அழிந்தபின், கட்டடக்கலைஞர் பல்லாதியோ ரோமானியப் பாணியில் கற்பாலம் ஒன்றை முன்மொழிந்தார். நகரவையோ பழையதைப் போன்ற மரப்பாலமே வேண்டுமென வலியுறுத்தியதால், அவர் 1569-இல் கூரை வேய்ந்த மரப்பாலத்தை வடிவமைத்தார். நீரோட்டத்தின் திசையிலேயே வரிசையாக நாட்டிய மரத்தூண்கள் நான்கு தாங்குவரிசைகளாக நின்று பாலத்தைச் சுமக்கின்றன. அவற்றின் கூரிய முனைகள் எதிர்வரும் வெள்ளத்தைப் பிளந்து அதன் வேகத்தைத் தணிக்கின்றன. 1748-இல் வெள்ளமும், 1813-இல் நெப்போலியப் போர்த் தீயும், 1945-இல் உலகப்போரும் இதனைச் சிதைத்தபோதும், ஊரார் ஒவ்வொரு முறையும் பல்லாதியோவின் வடிவத்தையே மீண்டும் எழுப்பினர். 1948-இல் அப்பணிக்குத் துணைநின்ற 'அல்பீனி' எனப்படும் மலைப்படை வீரர்களின் பெயராலும் இப்பாலம் வழங்குகிறது.

பாலத்தின் கிழக்கு முனையில் 1779-இல் தொடங்கிய நார்தினி வடிசாலை, திராட்சை பிழிந்தபின் எஞ்சும் தோலையும் விதையையும் வடித்துப் பெறும் 'கிராப்பா' என்னும் மதுவுக்குப் பெயர்பெற்றது. ஆற்றங்கரை மாளிகையான பலாட்சோ ஸ்தூர்மில், 17-ஆம் நூற்றாண்டு முதல் 1861 வரை மலிவுவிலைப் படங்களையும் நூல்களையும் ஐரோப்பா எங்கும் பரப்பிய ரெமொந்தீனி அச்சகத்தின் அருங்காட்சியகம் உள்ளது. அழிந்ததை அதே வடிவில் மீட்டெடுக்கும் உறுதியே இந்நகரின் பெருஞ்செல்வம். பாதுகாக்கப்பட வேண்டிய மரபும் அதுவே.