சின்னக் கால்பந்து கிளப்கள் ஒன்றாகச் சேரலாமா? டென்மார்க் கண்ட அனுபவம்

மாலையில் பிள்ளைகளைக் கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்பும் நம் குடியிருப்புப் பெற்றோர்கள் கூடினால் ஒரு பேச்சு வந்துவிடுகிறது. ஆங்காங்கே இருக்கும் சின்னப் பயிற்சி கிளப்கள் எல்லாம் இணைந்து ஒரே பெரிய அமைப்பாகிவிட்டால் நல்லதுதானே? நல்ல மைதானம் கிடைக்கும், தேர்ந்த பயிற்சியாளர் வருவார், வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகலாம். இந்தக் கேள்வியைப் பல முறை கேட்டு, பல விதமாகச் செய்தும் பார்த்த நாடு டென்மார்க். அங்கே நடந்ததை நீங்களும் தெரிந்துகொண்டால் பேச்சுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில், அங்கே கிளப் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது பெரும்பாலும் நம் குடியிருப்போர் சங்கம் போன்றதுதான். உறுப்பினர் சந்தா, ஆண்டுப் பொதுக்குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், பொருளாளர். குழந்தைகளுக்குப் பயிற்சி தருபவர் பல இடங்களில் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான், சம்பளம் கிடையாது. மைதானம் பெரும்பாலும் நகராட்சியுடையது. 25 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களுக்காகச் சங்கங்களுக்கு நகராட்சி மானியம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே ஒரு கிளப்பின் சொத்து என்று பார்த்தால், மனிதர்களின் நேரம்தான் பெரும்பங்கு. (நம் சங்கத்திலும் அதே கதைதான், பொருளாளரைக் கேளுங்கள்!)

பழைய உதாரணம் கோபன்ஹேகனின் புறநகரான புரொன்ட்பி. 1964-இல் அங்கிருந்த இரண்டு சின்ன கிளப்கள், கிழக்குப் பகுதியுடையதும் மேற்குப் பகுதியுடையதும், முழுவதுமாக ஒன்றாகிப் புரொன்ட்பி ஐ.எஃப். ஆயின. கீழ்மட்ட லீக்கில் இருந்த அந்த கிளப் 1982-இல் முதல் நிலை லீக்கில் ஆடியது, 1985-இல் தேசியச் சாம்பியன். மைக்கேல் லாவ்ட்ரப் சிறுவனாக விளையாடிய இடங்களில் அதுவும் ஒன்று. முழு இணைப்பு பலித்ததற்கு இது நல்ல சான்று. ஆனால் கவனியுங்கள், இரண்டும் ஒரே நகராட்சிக்குள், பிள்ளைகள் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருந்தவை. இணைப்புக்குப் பிறகும் எந்தக் குழந்தைக்கும் மைதானம் தொலைவாகிவிடவில்லை. பலன் வர இருபது ஆண்டு ஆனது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

1978-இல் டென்மார்க் கால்பந்துச் சங்கம் வீரர்களுக்குச் சம்பளம் தர அனுமதித்தது. சந்தாவில் நடக்கும் சங்கம் சம்பளப் பட்டியலைத் தாங்குமா? தாங்கவில்லை. தலைநகரில் கே.பி. என்று அழைக்கப்படும் கிளப் 1876-இல் தொடங்கியது, ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பழைய கிளப்களில் ஒன்று. 15 முறை தேசியச் சாம்பியன், ஆனால் கடைசிப் பட்டம் 1980-இல். இன்னொரு கிளப் பி.1903, ஏழு முறை சாம்பியன். 1991 அக்டோபரில் அது ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கை 6-2 என்று தோற்கடித்தது! அப்படிப்பட்ட ஆட்டம் இருந்தும் பார்க்கக் கூட்டமில்லை. ஒருவரிடம் பெயரும் இடமும், மற்றவரிடம் ஆட்டம்.

1992 ஜூலை 1 அன்று இரண்டும் சேர்ந்து எஃப்.சி. கோபன்ஹேகன் பிறந்தது. அதற்கு ஐந்து நாள் முன்புதான் டென்மார்க் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. முதல் பருவத்திலேயே புதிய கிளப் சாம்பியன் ஆனது, 1997-இல் பங்குச் சந்தைக்கும் போனது. நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. இணைந்தது முதல் அணி மட்டும்தான். கே.பி.யும் பி.1903-உம் தனித்தனிச் சங்கங்களாகத் தொடர்ந்தன. டென்மார்க்கில் இவற்றைத் 'தாய்க் கிளப்' என்றே சொல்கிறார்கள், மேலே எழுப்பிய தொழில்முறை அணியை 'மேல்கட்டுமானம்' என்கிறார்கள். அடுக்குமாடியில் குடியிருக்கும் நமக்கு இது சட்டென்று விளங்கும். மொட்டை மாடி பொது, வீட்டுக் கதவுகள் தனித்தனி.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜட்லாந்துத் தீபகற்பத்தின் நடுவே இருக்கிறது. இகாஸ்ட், ஹெர்னிங் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள், பரம்பரைப் போட்டியாளர்கள். இகாஸ்ட் கிளப் 1935-இலும் ஹெர்னிங் ஃபிரெமாத் 1918-இலும் தொடங்கியவை. இரண்டும் தேசியப் பட்டத்தை எட்டியதே இல்லை. 1999-இல் இருவரும் முதல் அணியை மட்டும் சேர்த்து எஃப்.சி. மிட்யூலாந்து என்று அமைத்தார்கள். 2015-இல் அது சாம்பியன். 2016 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வென்றது.

அதைவிட முக்கியமானது 2004-இல் அவர்கள் தொடங்கிய அகாடமி. பதின்வயதினர் அங்கேயே தங்கி, பள்ளிக்கும் போய், பயிற்சியும் பெறுகிறார்கள். பின்னாளில் டென்மார்க் தேசிய அணித் தலைவரான சிமோன் கியேர் 15 வயதில் அங்கே சேர்ந்தவர். அதுவரை அவர் விளையாடியது லுண்ட் என்ற சிற்றூரின் கிளப்பில். மிட்யூலாந்து அந்தச் சின்ன கிளப்களை விழுங்கவில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்களோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளை தன் ஊர் மைதானத்திலேயே ஆடுகிறான், திறமை தெரிந்தால் பெரிய இடத்துக்குப் போகிறான். இதுதான் சரியான வழி என்று நான் நினைக்கிறேன். எல்லாக் குழந்தையும் கியேர் ஆகப் போவதில்லை. ஆகாத பிள்ளைக்கும் மாலை ஐந்து மணிக்குப் பந்து வேண்டும் அல்லவா?

வங்கியில் காலம் கழித்தவன் என்பதால் இணைப்பு என்றதும் எனக்குக் கணக்கு நினைவுக்கு வரும். 1990-இல் தஞ்சாவூர் வங்கி இந்தியன் வங்கியோடும், தமிழ்நாடு வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடும் இணைந்தன. அங்கே பாஸ்புக் மாறினாலும் இருப்புத் தொகை அப்படியே புதிய பேரேட்டுக்குப் போய்விடும். கிளப்பில் அப்படி இல்லை. தன் தெருப் பிள்ளைகளுக்காக ஞாயிறு காலை விசில் ஊதும் பெற்றோர், பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய அமைப்புக்கு அதே நேரத்தைத் தருவாரா என்பது யாருடைய பேரேட்டிலும் வராத இனம்.

பணக் கணக்கிலும் சின்ன கிளப் தனியாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு விலைபோனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 10 கோடி ரூபாய் என்று வையுங்கள். 50 லட்சம் ஒதுக்கப்படும். அதில் 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 5 சதவீதம், அதாவது 2.5 லட்சம். நான்கு ஆண்டு வளர்த்த கிளப்புக்கு 10 லட்சம். இணைந்து மறைந்துவிட்டால் அந்தப் பத்து லட்சத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்வது பெரிய அமைப்பின் குழுதான்.

சின்னதாகவே இருப்பதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பதினைந்து வயதுப் பிரிவில் ஏழெட்டுப் பேர்தான் தேறுவார்கள், பதினொருவருக்கு எங்கே போவது? ஜெர்மனியின் கிராமங்களில் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கிளப்கள் அந்த வயதுப் பிரிவுக்கு மட்டும் கூட்டு அணி இறக்குகின்றன, சங்கங்கள் தனித்தனியே இருக்கின்றன. ஆள் சேர்ந்துவிட்டால் பிரிந்துகொள்ளலாம்.

இணைப்புப் பேச்சு உங்கள் பிள்ளையின் கிளப்புக்கு வந்தால், மைதானம் யார் பெயரில் இருக்கும், சின்னப் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள், ஏற்பாடு சரிவராவிட்டால் பழைய கிளப் திரும்பி வர முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி வீண் பயமல்ல. கோபன்ஹேகனை ஒட்டிய அமாயர் தீவில் 2008-இல் எஃப்.சி. அமாயர் என்ற மேல்கட்டுமானம் எழுந்தது. 1910-இல் தொடங்கிய ஃபிரெமாத் அமாயர் அதன் தாய்க் கிளப்களில் ஒன்று. 2009 மார்ச்சில், ஓர் ஆண்டு முடியுமுன்பே, புதிய அமைப்பு திவாலானது. தாய்க் கிளப் தனிச் சங்கமாக இருந்ததால் அதுவும் சேர்ந்து மூழ்கவில்லை. ஃபிரெமாத் அமாயர் தன் பழைய பெயரிலேயே மறுபடி அணி இறக்கி, 2016-இல் இரண்டாம் நிலை லீக்குக்கு உயர்ந்தது.