மே மாதத் தபாலும் நவம்பர் அச்சும்

ஆபீசில் இன்வர்டு ரிஜிஸ்தர் எழுதிய பழக்கம், எதைப் படித்தாலும் கண் முதலில் தேதியைத்தான் தேடும். ஆல்பேர் ஃபேர், பேட்டர் குருன்பெர்க் இருவரும் 2007-இல் பௌதிக நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட கதையையும் அப்படித்தான் படித்தேன்.

இரும்பையும் குரோமியத்தையும் அடுக்கடுக்காகப் படியவைத்த மெல்லிய ஏடுதான் விஷயம். பிரெஞ்சில் 'கூஷ் மேன்ஸ்' என்பார்கள். மேன்ஸ் என்றால் மெல்லியது. எவ்வளவு மெல்லியது என்றால், குரோமியம் ஒரு நானோமீட்டர்கூட இல்லை, ஏறக்குறைய ஆறு அணு வரிசை!

ஜெர்மனியில் யூலிஷ் ஆய்வு நிலையத்தில் குருன்பெர்க் 1986-இல் இந்த ஏட்டின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினார். சிதறித் திரும்பும் ஒளியின் அதிர்வெண் துளி மாறியிருக்கும். அதை அளந்தே, குரோமியத்தின் இருபுறமும் உள்ள இரும்பு எதிரெதிர்த் திசையில் காந்தமாகி நிற்கிறது என்று கண்டார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி. வெளியே பலமான காந்தத்தை வைத்தால் இரண்டும் ஒரே பக்கம் திரும்பிவிடும்.

அப்படித் திரும்பும்போது மின்தடை குறைகிறது. எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். அடுக்குகள் எதிரெதிராக இருந்தால் எல்லா எலக்ட்ரானும் ஏதாவது ஓர் அடுக்கில் இடித்துக்கொள்ளும். ஒரே திசையில் இருந்தால் ஒரு வகை எலக்ட்ரான் தடையில்லாமல் ஓடும்.

குருன்பெர்க் இரண்டே இரும்பு அடுக்கில், அறை வெப்பத்தில், 1.5 சதவீதக் குறைவைப் பார்த்தார். பாரீசுக்கு அருகே ஓர்சேயில் ஃபேர் குழு பல அடுக்குகளைக் கடுங்குளிரில் சோதித்தது. தடை ஏறக்குறைய பாதியானது. 'ராட்சத' என்ற பெயரும் அவர்கள் வைத்ததே.

இப்போது தேதிக்கு வருகிறேன். குருன்பெர்க்கின் கட்டுரை பத்திரிகைக்கு வந்து சேர்ந்தது 1988 மே. அச்சானது 1989 மார்ச். ஃபேர் குழுவின் கட்டுரை வந்தது ஆகஸ்ட். அச்சானது அதே ஆண்டு நவம்பர். அச்சை மட்டும் பார்த்திருந்தால் ஒருவர் பெயர் பின்னுக்குப் போயிருக்கும். ஒரு நாள் பிந்திய மனுவுக்காக எங்கள் ஆபீசில் நடந்த சண்டைகளைப் பார்த்தவன் நான். 1988 கோடையில் பிரான்சில் லெ க்ரூஸோ ஊரில் நடந்த கூட்டத்தில் சந்தித்தபோதுதான், இருவரும் ஒரே விஷயத்தைக் கண்டிருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. பரிசை இருவருக்கும் கொடுத்ததே நியாயம் என்பது என் கணக்கு.

காப்புரிமைக்கும் குருன்பெர்க் 1988-லேயே மனுப் போட்டுவிட்டார். 1997-இல் ஐ.பி.எம். ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனையில் இதே அடுக்கு வித்தை வந்து உட்கார்ந்தது.