மேற்குச் சென்னைப் புறநகர்களில் தரைவழித் தொலைக்காட்சி ஆன்டெனா

தரைவழித் தொலைக்காட்சி என்பது, செயற்கைக்கோளோ கேபிளோ இடையில் இல்லாமல், நிலத்தில் நிற்கும் கோபுரம் ஒன்றிலிருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு நேரே வந்து சேரும் ஒளிபரப்பு. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் அந்தக் கோபுரம் கிழக்கே இருக்கிறது. மெரினாவுக்குப் பக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில், சென்னை தூர்தர்ஷன் வளாகத்தில் நிற்கும் இரும்புச் சட்டக் கோபுரமே அது. இந்தப் பகுதிகளில் ஆன்டெனா வைப்பவருக்கு இரண்டு கேள்விகள்தான் உண்டு: கோபுரம் எந்தத் திக்கில் இருக்கிறது, வழியில் என்ன நிற்கிறது. தூரம் இங்கே ஒருபோதும் பெரிய சிக்கலாக இருந்ததில்லை.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. மும்பைக்கு 1972-இல் வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அதுவரை அகில இந்திய வானொலியின் கிளையாக இருந்த தொலைக்காட்சி, 1976 ஏப்ரல் 1 முதல் தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பானது. 1982 ஆகஸ்ட் 15 அன்று தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணப்பெட்டிகளின் விற்பனையைத் தூக்கிவிட்டன. சென்னைக்கு இரண்டாவது அலைவரிசை 1987-இல் கிடைத்தது. தொழிற்சாலைச் சம்பளம் மாதம் தவறாமல் வந்த ஆவடி, அம்பத்தூர்க் குடியிருப்புகளின் மொட்டை மாடிகளில் அலுமினிய ஆன்டெனாக் கொம்புகள் பெருகியது இந்தப் பத்தாண்டில்தான். வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’ திரைப்பாடல் நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து படம் தெரிகிறதா இல்லையா என்று கத்துவது அன்றைய வாராந்தரச் சடங்கு.

திசையும் தூரமும்

அம்பத்தூரிலிருந்து தூர்தர்ஷன் கோபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால், பூமியின் வளைவு எங்கே மறைக்கிறது என்பதே எல்லை. 150 மீட்டருக்கு மேற்பட்ட கோபுரமும் தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் ஒரு மாடி ஆன்டெனாவும் இருந்தால், அந்த எல்லை 60 கிலோமீட்டரைத் தாண்டும். மேற்குப் புறநகர்கள் அந்த வட்டத்துக்குள் வெகு ஆழத்தில் இருக்கின்றன. நிலமும் தட்டையானது, பரங்கிமலை தெற்கே ஒதுங்கி நிற்பதால் குறுக்கே குன்று எதுவும் வராது.

திசை மட்டும் ஊருக்கு ஊர் சற்று மாறும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆன்டெனாவின் முனை நேர்கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 15 முதல் 20 டிகிரி வரை சாய வேண்டும். பூந்தமல்லியிலோ நேர்கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சில டிகிரி. ஆவடிக்கு வரும் அலை அண்ணா நகர் மேற்கையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் கடந்து வருகிறது. பூந்தமல்லிக்கு வருவது நுங்கம்பாக்கம், மதுரவாயல் பக்கமாக வருகிறது. அடுத்த வீட்டுக் கொம்பைப் பார்த்து அதே திக்கில் வைப்பது வழக்கமான குறுக்குவழி. அடுத்த வீட்டுக்காரர் சரியாக வைத்திருந்தால் அது நல்ல வழிதான்.

கொம்பின் அமைப்பு

வீட்டு மாடிகளில் பரவலாக நின்றது யாகி-உடா வகை ஆன்டெனா. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிதெத்சுகு யாகி, ஷின்தாரோ உடா இருவரும் 1926-இல் உலகுக்கு அறிவித்த வடிவம் இது. நடுத்தண்டு ஒன்றில் குறுக்குக் குழாய்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றில் மட்டுமே ஒயர் இணையும். இரு முனையும் மடங்கி வளையம் போலிருக்கும் அந்தக் குழாய்தான் அலையைப் பிடித்து மின்குறியாக மாற்றுகிறது. அதற்குப் பின்னால் சற்று நீளமான ஒரு குழாய் நின்று, பின்பக்கத்திலிருந்து வருவதைத் தடுத்து, முன்பக்கத்து அலையைத் திருப்பி அனுப்புகிறது. முன்னால் உள்ள சற்றே குட்டையான குழாய்கள் அலையை ஒருமுகப்படுத்துகின்றன. முன்குழாய்கள் கூடக்கூட ஆன்டெனாவின் பார்வை குறுகும், வலிமை கூடும். எனவே குட்டைக்குழாய் இருக்கும் முனையே கோபுரத்தைப் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் பெட்டியைக் குறை சொன்னவர்கள் குறைவல்லர்.

குழாயின் நீளம் அலையின் நீளத்தில் ஏறத்தாழ பாதி. 60 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒளிபரப்பும் நிலையத்துக்கு அது சுமார் இரண்டரை மீட்டர். 200 மெகாஹெர்ட்ஸுக்கு முக்கால் மீட்டர். 550 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சாணை விடச் சற்றே அதிகம், 27 சென்டிமீட்டர். ஒரு பட்டைக்குச் செய்த கொம்பு இன்னொரு பட்டைக்குச் சரிவராததன் காரணம் இதுதான். பழைய ஒளிபரப்பின் அகலமான ஆன்டெனாவைத் துடைத்து மாட்டினால் யூஎச்எஃப் எனப்படும் உயர் அதிர்வெண் பட்டையில் வரும் இன்றைய டிஜிட்டல் அலை அதில் நன்றாகச் சிக்காது. தமிழ்நாட்டுத் தூர்தர்ஷன் அலைகள் கிடைமட்டமாக அதிர்வதால் குழாய்களும் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். காற்றில் தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்த கொம்பு, திசை மாறாவிட்டாலும், வலிமையை இழப்பது இதனால்தான்.

நிழலும் இரைச்சலும்

நகரம் நெருங்க நெருங்க அலையின் எதிரி தூரமல்ல, சுவர். அலை கோபுரத்திலிருந்து நேரே ஒரு முறையும், பக்கத்து அடுக்ககத்திலோ தண்ணீர்த் தொட்டியிலோ ஆலைக் கூரையிலோ மோதி இன்னொரு முறையும் வந்து சேரும். பழைய அனலாக் ஒளிபரப்புக் காலத்தில் இது திரையில் நிழலாகத் தெரிந்தது. கணக்கு எளிது. சுற்றி வரும் அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தால் ஒரு மைக்ரோ வினாடி தாமதமாகும். திரையின் ஒரு வரியை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோ வினாடி ஆவதால், 21 அங்குலப் பெட்டியில் அந்த நிழல் முதல் உருவத்துக்கு வலப்பக்கம் சுமார் 8 மில்லிமீட்டர் தள்ளி விழும். நிழல் விழும் தூரத்தை வைத்தே எந்தக் கட்டடம் குற்றவாளி என்று ஊகிக்கலாம். ஆன்டெனாவைச் சற்றுத் திருப்பி, நேர் அலையைக் கொஞ்சம் இழந்தாலும் எதிரொலிப்பைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவது அன்றைய தீர்வு. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்களும் இதே வேலையைச் செய்தன. விமானம் நகர்வதால் படம் சில நொடிகள் துடித்துவிட்டு அடங்கும்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் உரிய தொல்லை மின்னிரைச்சல். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை சிறுதொழிற்கூடங்கள் செறிந்த இடம். வெல்டிங்கும் மோட்டாரும் ஓயாத இடம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே சென்னை–அரக்கோணம் ரயில் பாதை செல்கிறது. அதன் மேல்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. கம்பிக்கும் ரயிலின் மேல்கைக்கும் இடையில் பொறி தெறிக்கும் போதெல்லாம், தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் திரையில் வெள்ளைப் புள்ளிகள் கோடாக ஓடின. தாழ்ந்த அதிர்வெண்ணில் இந்த இரைச்சல் கடுமை; யூஎச்எஃப் பட்டைக்கு ஏற ஏறக் குறையும். கடலிலிருந்து 15 முதல் 20 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் இந்தப் பக்கத்து மாடிகளுக்கு ஓர் ஆதாயமும் உண்டு: கடலோரத் திருவல்லிக்கேணியில் நடப்பதைப் போல உப்புக்காற்று கொம்பின் திருகாணிகளைச் சீக்கிரம் தின்றுவிடுவதில்லை.

வேண்டாத அலை வெகு தூரத்திலிருந்தும் வரும். கோடையில் கடலின் மேல் வெப்பக்காற்றும் குளிர்காற்றும் அடுக்காகப் படியும்போது, அலை அந்த அடுக்குக்குள் சிக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைத் தமிழ்நாட்டின் தென்கடலோர ஊர்களில் உயரமான குழாயும் பூஸ்டர் என்னும் அலைபெருக்கியும் வைத்துப் பார்த்தார்கள். 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையில் அதன் ஒளிபரப்பி இருந்ததும் அதற்குத் துணை.

ஒயரும் பூஸ்டரும்

ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயரில்தான் பல வீடுகளின் படம் செத்தது. தொடக்கத்தில் பயன்பட்டது 300 ஓம் தட்டை ஒயர். அது மலிவு, இழப்பும் குறைவு. ஆனால் மழையில் நனைந்தாலும் இரும்புக் குழாயை ஒட்டிக் கட்டினாலும் குணம் மாறிவிடும். பின்னர் 75 ஓம் உருட்டுக் கேபிள் வந்தது. மடித்த குழாயின் 300 ஓமை இந்த 75 ஓமுடன் சேர்க்க, பாலுன் என்னும் சிறு மின்மாற்றி இடையில் வேண்டும். அதை விட்டுவிட்டு நேரே முறுக்கி இணைத்தால் அலையின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும்.

ஆர்ஜி-6 என்னும் 75 ஓம் கேபிளில் 20 மீட்டர் ஓடும்போது யூஎச்எஃப் அலையின் வலிமை ஏறத்தாழ பாதியாகும். 60 மெகாஹெர்ட்ஸில் இழப்பு மிகக் குறைவு. மூன்று மாடி இறங்கி வரும் ஒயரில் இந்த இழப்பை ஈடுசெய்யவே பூஸ்டர். அதை ஆன்டெனாவின் அடியிலேயே, மாடியில் பொருத்த வேண்டும். பெட்டிக்குப் பின்னால் வைத்த பூஸ்டர், வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். மேற்குப் புறநகர்களில் நல்ல திசையில் வைத்த கொம்புக்குப் பெரும்பாலும் பூஸ்டரே தேவையில்லை. வலிய அலையை மேலும் பெருக்கினால் பெட்டியின் வாங்கி திக்குமுக்காடும். முன்பு தொலைக்காட்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2022 ஏலத்துக்குப் பின் 5ஜி அலைபேசிக்குப் போனதால், அகலப்பட்டைப் பூஸ்டர்கள் பக்கத்து அலைபேசிக் கோபுரத்தின் அலையையும் இழுத்துக்கொள்ளும் அபாயம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

கொம்பை நிறுத்துவது பொதுவாக ஜிஐ பைப். மூன்று பக்கம் இழுகம்பி கட்டாமல் உயரமான குழாயை விடுவது தவறு. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயல் போன்ற காற்று அதைச் சாய்த்துவிடும். குழாயைத் தனிச் செம்புக்கம்பியால் நிலத்தில் இணைப்பதும், மின்கம்பிகளிலிருந்து, சாய்ந்தால்கூடத் தொடாத தூரத்தில் நிறுத்துவதும் கட்டாயம். இடி மின்னல் தொடங்கும் முன்பே பெட்டியிலிருந்து ஒயரைக் கழற்றிவிடுவது நல்லது. ஐப்பசி மழையில் இணைப்புகளுக்குள் நீர் புகாமலிருக்க, கேபிளை உள்ளே நுழைக்கும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும்.

அனலாக் முடிவும் டிஜிட்டலும்

கொம்பு மாடியை விட்டு இறங்கியதற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல, நிகழ்ச்சிகளே காரணம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு கேபிள் வந்தது. கேபிள் நடத்துநர்கள் தூர்தர்ஷனையும் கட்டாயமாகத் தர வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் விதித்ததால், தூர்தர்ஷன் பார்ப்பதற்கும் ஆன்டெனா வேண்டாம் என்றாயிற்று. தரைவழி ஒளிபரப்பில் தனியாரை அனுமதிக்காத கொள்கையே அதை ஒற்றை நிறுவனத்தின் சேவையாக முடக்கியது. பல தனியார் நிலையங்கள் கோபுர வழியாகவே கிடைத்த அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளில் ஆன்டெனா இன்றும் உயிரோடு இருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தூர்தர்ஷன் 2016 பிப்ரவரி 25 அன்று சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 முறையில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை அறிவித்தது. ஒரே அதிர்வெண்ணில் பல அலைவரிசைகள் அடங்கும் முறை இது. எதிரொலித்து வரும் அலையைத் தாங்கிக்கொள்ளும்படி இடைவெளி விட்டு அனுப்பப்படுவதால் நிழல் விழாது. ஆனால் அனலாக் படம் மெல்ல மங்கும். டிஜிட்டல் படமோ வலிமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாக நின்றுவிடும். பார்ப்பதற்கு டிவிபி-டி2 வாங்கி உள்ள பெட்டி வேண்டும். எல்லாப் பெட்டியிலும் அது இருக்காது. விவரக் குறிப்பைப் படித்தே வாங்க வேண்டும். 2021 அக்டோபரில், எல்லை போன்ற முக்கிய இடங்களில் உள்ள ஏறத்தாழ 50 ஒளிபரப்பிகள் நீங்கலாக, எஞ்சிய அனலாக் ஒளிபரப்பிகளை 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாகத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. அனலாக் வாங்கி மட்டுமே கொண்ட பழைய பெட்டிக்கு, 2006-இல் தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு இலவசமாகத் தந்த வண்ணத் தொலைக்காட்சி உட்பட, அதன் பிறகு கொம்பால் பயனில்லை.

இலவசமாகத் தொலைக்காட்சி பார்க்க விரும்பும் வீட்டுக்கு இன்று எளிய வழி தூர்தர்ஷனின் செயற்கைக்கோள் சேவையான ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. 2024 ஜனவரி 19 அன்று பொதிகையிலிருந்து டிடி தமிழ் எனப் பெயர் மாறிய தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையும் இதில் கிடைக்கிறது. செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்பதால், ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் தட்டு தென்கிழக்கு நோக்கி, தொடுவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி நிமிர்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவு செங்குத்தாகப் பார்ப்பதால் அடுத்த வீட்டு மாடி அதை மறைப்பது அரிது. பழைய ஆன்டெனாவின் ஜிஐ பைப், ஆடாமல் நின்றால், இந்தத் தட்டுக்கும் போதும்.