மழை மேல் போட்ட பழி

கெங்குவார்பட்டி தெரியுமா உங்களுக்கு? வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஒரு ஐப்பசி மழைநாளில் அங்கே அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கிற மருமகன் திண்ணையில் உம்மென்று உட்கார்ந்திருந்தான். எதிரே, அவன் ஒரு வாரமாகக் கட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் விமானம். உடம்பு ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம். மேலே ஸ்ப்ரே செய்த லாக்கர், பாலைக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடந்தது.

''என்னடா ஆச்சு?''

''எல்லாம் இந்த மழையால மாமா. பெயின்ட் வெளுத்துப் போச்சு. பசையும் ஒட்ட மாட்டேங்குது.''

பாதி உண்மை. லாக்கரில் இருக்கிற தின்னர் சட்டென்று ஆவியாகும்போது, பூசின இடம் குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கிற ஈரம் அங்கே படிந்து வெள்ளை பூக்கும். மழைநாளில் லாக்கரைத் தொடாமல், தண்ணீரில் கலக்கிற அக்ரிலிக் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் பூசியிருக்கலாம். ஆக, பெயின்ட் விஷயத்தில் மழை குற்றவாளிதான்.

இறக்கை? அவன் வாங்கியிருந்தது சரியான பசை. பிளாஸ்டிக் மாடலுக்கென்றே விற்கிற சிமென்ட். அது நம்ம வீட்டுப் பசை மாதிரி நடுவில் நின்று பிடித்துக்கொள்கிற ஆசாமி இல்லை. இரண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் லேசாகக் கரைத்து, ஒன்றோடொன்று கலக்கவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரே பிளாஸ்டிக். இறக்கையின் விளிம்பைப் பார்த்தேன். பயல் முதலில் பெயின்ட் அடித்துவிட்டு, அந்தப் பெயின்ட் மேலேயே பசையைத் தடவியிருக்கிறான்! பசை பிளாஸ்டிக்கைத் தொட்டால்தானே?

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 'மாஸ்கிட்டோ' என்று போட்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்கிறீர்களா? சரித்திரத்துக்குப் போவோம், வாருங்கள்.

இரண்டாம் உலகப்போர் சமயம். அலுமினியத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் கம்பெனி, 'மரத்திலேயே போர் விமானம் கட்டுகிறோம்' என்று இறங்கியது. 1940 நவம்பர் 25-ல் முதல் மாஸ்கிட்டோ பறந்தது. பிர்ச் மரத்து ப்ளைவுட் இரண்டுக்கு நடுவே பஞ்சு மாதிரியான பால்சா மரம். உடம்பை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாக அச்சில் வார்த்து, பிறகு ஒட்டினார்கள். மருமகன் கையில் இருந்த மாடலும் அப்படித்தான், இரண்டு பாதிகள்! நாற்காலி, மேஜை செய்கிற பட்டறைகள்கூட இந்த வேலையில் இறங்கின. மொத்தம் 7,700-க்கும் மேல் செய்தார்கள்.

ஆரம்பத்தில் மரத்தை ஒட்டியது எது தெரியுமா? பாலிலிருந்து எடுக்கிற கேசின் என்ற பசை. ஈரத்தில் அதற்குப் பூஞ்சை பிடிக்கும், பலம் குறையும். பிறகு நார்மன் டி புரூய்ன் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி உருவாக்கிய ஏரோலைட் என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள்.

1943-ல் மாஸ்கிட்டோ இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரை ஒட்டிய எலஹங்காவில், இப்போது ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கிற அதே இடத்தில், விமானிகள் இதில் பயிற்சி எடுத்தார்கள். பர்மா முனையில் ஜப்பானியர்களோடு சண்டை. ஜப்பான் விமானத்தில் சிவப்பு வட்டம். பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவிலும் சிவப்புப் பொட்டு. நம்ம ஆளே நம்ம ஆளைச் சுட்டுவிடக் கூடாதே என்று இந்தப் பக்கத்து விமானங்களில் அந்தப் பொட்டை அழித்தார்கள். மாடல் கட்டுகிறவர்கள் கவனிக்க: பர்மா முனை மாஸ்கிட்டோவுக்கு சிவப்புப் பொட்டு வைத்தால் தப்பு!

1944-ல் விபரீதம். மாஸ்கிட்டோக்கள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். நவம்பர் வாக்கில் சந்தேகம் இறக்கை மேல் விழுந்தது. மேல்பக்கத்து ப்ளைவுட், உள்ளேயிருக்கிற முதுகெலும்பு மாதிரியான கட்டையிலிருந்து பெயர்கிறதோ?

விசாரிக்க இந்தியாவுக்கு வந்தவர் மேஜர் ஹியர்வர்ட் டி ஹாவிலாண்ட். ஆமாம், அதே குடும்பம்தான்! டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். பசை மேல் தப்பில்லையாம். மழைக்காலத்தில் மரம் சுருங்கியதாம். சுருக்கமாக, இந்தியாவின் பருவநிலைதான் காரணமாம்.

விஷயம் அதோடு முடியவில்லை. விமான உற்பத்தி அமைச்சகத்தின் குழு ஒன்று, இங்கிலாந்தின் டெஃபோர்டில் வேறு மாஸ்கிட்டோக்களைப் பிரித்துப் பார்த்தது. ஆறு ரக விமானங்களில் அதே கோளாறு. அவற்றில் ஒன்றுகூட பருவமழையைப் பார்த்ததே இல்லை! எல்லாம் ஹாட்ஃபீல்ட், லீவ்ஸ்டன் என்ற அந்தக் கம்பெனியின் இரண்டு தொழிற்சாலைகளில் செய்தவை. ஒட்டுவேலை சரியில்லை என்று குழு எழுதிவிட்டது.

விமான அமைச்சகம் என்ன செய்தது? விமானத்தின் மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடக் கூடாது என்று, 'பருவநிலைதான் காரணம்' என்ற பழைய பாட்டையே பிடித்துக்கொண்டது. இறக்கையின் இணைப்பு நெடுக, ஈரம் உள்ளே போகாதபடி ஒரு ப்ளைவுட் பட்டை ஒட்டினார்கள்.

நான் படித்தது பி.காம். காஸ்ட் அக்கவுன்டன்சியில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று இரண்டு உண்டு. பெட்ரோல் ஆவியாவது நார்மல் லாஸ். அதற்கு யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள். கவனக்குறைவால் வருவது அப்நார்மல் லாஸ். அதைத் தனிக் கணக்கில் காட்டியே ஆகணும். யார் பொறுப்பு என்று கேட்கத்தான் அந்தத் தனிக் கணக்கு. லண்டனில் செய்தது இதுதான்: அப்நார்மலைத் தூக்கி நார்மலில் எழுதிவிட்டார்கள். மழை பதில் பேசாது, பாருங்கள்!

இன்றைக்கும் புதுப் பாலம் இடிந்தால் முதலில் கேட்கிற வார்த்தை என்ன? 'எதிர்பாராத கனமழை.' எதிர்பாராததா? ஐப்பசியில் மழை வரும் என்று கெங்குவார்பட்டிக் குழந்தைக்கும் தெரியுமே!

மருமகனிடம் ஒரு பிளேடைக் கொடுத்தேன். இரண்டு விளிம்பிலும் இருந்த பெயின்ட்டைச் சுத்தமாகச் சுரண்டினான். துளியூண்டு சிமென்ட். ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி முழுக்க வைத்தோம். காக்பிட் கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிகால் போதும் என்றேன். ஃபெவிக்விக் வைத்தால் கண்ணாடியில் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

காலையில் இறக்கையைப் பிடித்தே விமானத்தைத் தூக்கிக் காட்டினான். வெளியே மழை விடவே இல்லை.