முப்பதாண்டு அவகாசம்

1919 மே மாதம் 1, 2 தேதிகள். மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கிய தரங்கம்பாடியில், வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த 33 பேர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். பிரிந்து கிடப்பதால் பலவீனப்பட்டிருக்கிறோம், இந்தப் பிரிவினைகளோ நாம் உண்டாக்கியவை அல்ல என்பது அதன் சாரம்.

உண்மைதான். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன், நாகர்கோவிலில் லண்டன் மிஷன் (எல்.எம்.எஸ்.), மதுரையில் அமெரிக்கன் மிஷன். எந்த மிஷன் வந்ததோ அதுவே அந்த ஊருக்குச் சபையானது. இங்கிலாந்தில் சபைகள் பிரிந்த சண்டையில் இவர்களுடைய பாட்டன் பூட்டன் யாரும் இல்லை.

கூட்டத்தின் உயிர், வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912-ல் தோர்ணக்கல் பேராயரானவர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

சேரலாம் என்று முடிவெடுத்தாயிற்று. எப்படிச் சேர்வது? அங்கேதான் சிக்கியது. பேராயர் தலைமேல் கை வைத்து அபிஷேகம் செய்தவரே குருவானவர், அந்தக் கைகளின் வரிசை அப்போஸ்தலர் காலம்வரை அறுபடாமல் போகிறது என்பது ஆங்கிலிக்கன் நம்பிக்கை. காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1908-லேயே ஒன்றாகித் தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியிருந்தன. அவர்களுக்குப் பேராயரே கிடையாது. மெத்தடிஸ்டுகளின் தென்னிந்தியச் சபையிலும் அப்படித்தான். இருபது வருஷமாகத் திருவிருந்து கொடுத்துவரும் ஒரு போதகரிடம், “மறுபடி பேராயர் முன் முழங்கால்படியிடுங்கள்” என்று சொன்னால், அதுவரை அவர் கொடுத்த அப்பத்துக்கும் ரசத்துக்கும் என்ன அர்த்தம்? கேள்வி சட்டப்புத்தகத்தில் இல்லை. அந்தப் போதகர் கையால் வாங்கிப் புசித்த கிழவியின் நெஞ்சில் இருந்தது.

28 வருஷம் பேசினார்கள். கண்ட வழி இது: ஏற்கெனவே இருக்கும் போதகர்கள் எல்லோரும் மறு அபிஷேகம் இல்லாமல் அப்படியே ஏற்கப்படுவார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பேராயரின் கைகள். இரு வகையாரும் 30 ஆண்டுகள் அருகருகே ஊழியம் செய்யட்டும், மிச்சத்தை அப்போது சபையே தீர்மானிக்கட்டும். மனச்சாட்சி ஒப்பாத ஆராதனை முறையையோ ஊழியரையோ எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார்கள். ஒத்துப்போகாததை ஒத்துப்போனதாக எழுதி மறைக்கவில்லை; அதற்குக் காலம் கொடுத்தார்கள். இந்த நேர்மைதான் இவ்வரலாற்றில் பெரிய விஷயம்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. கவிஞர் டி.எஸ். எலியட் 1943-ல் இத்திட்டத்தைத் தாக்கி ஒரு சிறுநூலே எழுதினார். அசரியாவோ ஐக்கியத்தைக் காணாமலே 1945 ஜனவரி 1-ல் கண்மூடினார்.

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம். சென்னை புனித ஜார்ஜ் கத்தீட்ரலில் மூன்று சபைகளின் பிரதிநிதிகளும் ஒப்பமிட்ட ஆவணங்களைத் திருவிருந்து மேசையில் வைத்தார்கள். திருவிதாங்கூர் பேராயர் சி.கே. ஜேக்கப், மூன்றும் ஒன்றானதாக அறிவித்தார். ஏறத்தாழ பத்து லட்சம் பேரைக் கொண்ட தென்னிந்திய திருச்சபை பிறந்தது. அன்று அபிஷேகம் பெற்ற ஒன்பது புதிய பேராயர்களில், பேராயரே இல்லாத சபையிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துச் சபாபதி குலேந்திரனும் மதுரைக்கு வந்த லெஸ்லி நியூபிகினும் இருந்தார்கள்.

எல்லோரும் வந்துவிடவில்லை. நந்தியால் ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதியினர் மறுத்தார்கள். அறிக்கை பிறந்த தரங்கம்பாடியின் லுத்தரன்களும் வெளியே நின்றார்கள். இங்கிலாந்துத் திருச்சபையும் முழு ஐக்கியத்தை உடனே தரவில்லை.

ஆனால் 1950-ல் வெளியான புதிய திருவிருந்து முறைமையில் சமாதானம் பகிரும் ஒரு சைகை சேர்ந்தது. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது அது. குருவானவர் தம்முடன் ஊழியம் செய்பவரின் வலது உள்ளங்கையில் தம் வலது உள்ளங்கையை வைப்பார். இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடுவார்கள். அந்த உடன் ஊழியர் இறங்கிவந்து முன்வரிசையில் இருப்பவருக்கு அதைக் கொடுப்பார். அங்கிருந்து வரிசை வரிசையாக, கையிலிருந்து கைக்கு, அந்தச் சமாதானம் கடைசிப் பெஞ்சுவரை போகும்.