முன்சக்கர ஹப் ஏன் இறுகுகிறது? ஒரு சின்ன வரலாறு



வெள்ளிமலைப் பக்கம் பிக்கப் ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், முன்சக்கர லாக்கிங் ஹப் திருகவே மாட்டேங்குது. மழைக்காலம் வேற வருது. ஏன் சார் இப்படி இறுகுது?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், பதில் வரலாற்றில்தான் இருக்கிறது.

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பதைக் குடம் என்போமே, அதுதான் ஹப். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் சிலவற்றில் முன்சக்கரக் குடத்தின் மேல் ஒரு திருகு இருக்கும். 'லாக்' பக்கம் திருப்பினால் உள்ளே ஒரு பல் வளையம் நகர்ந்து அச்சையும் சக்கரத்தையும் பூட்டும். 'ஃப்ரீ' பக்கம் திருப்பினால் சக்கரம் தனியே சுழலும். அச்சு சும்மா இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 6.4 லட்சம் ஜீப்புகள் செய்தன. அவற்றில் இந்தத் திருகு கிடையாது. இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் முன் அச்சு சுழன்றுகொண்டே இருக்கும். போர்க்களத்தில் அது குறையாகத் தெரியவில்லை. போர் முடிந்து அந்த ஜீப்புகள் நல்ல சாலைக்கு வந்தபோதுதான் வீண் தேய்மானமும் எண்ணெய்ச் செலவும் உறுத்தின. 1948-ல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஆர்தர் வார்ன் என்பவர் பூட்டித் திறக்கும் ஹப் செய்து விற்கத் தொடங்கினார். ஆக, நல்ல சாலையில் முன் அச்சுக்கு ஓய்வு கொடுக்கப் பிறந்ததே இந்த ஹப்.

நம் நாட்டில் 1945-ல் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்தது. பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948-ல் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது.

நம் கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகீர்தார்களிடம் இருந்தது. அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த பிறகுதான் அங்கே சாலைகள் பெருகின. இன்று கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குத் தார்ச் சாலை. நல்ல சாலை வந்தால் ஹப்பைத் திருப்பும் வேலை குறைகிறது. திருப்பாத ஹப்பில் கிரீஸ் காய்கிறது, ரப்பர் வளையம் வெடித்துத் தண்ணீர் இறங்குகிறது, பல் வளையம் துருப்பிடிக்கிறது. நம் ஊர் ஹப் பெரும்பாலும் உழைத்து இறுகுவதில்லை, சும்மா இருந்தே இறுகுகிறது.

ஆனால் உள்ளடங்கிய ஊர்களுக்குப் போகும் மண் பாதைகள் இன்னும் இருக்கின்றன. அடைமழையில் ஒரு கர்ப்பிணியைக் கீழே இறக்க வேண்டிய இரவில் ஹப் பூட்டாமல் போனால் என்ன ஆகும்? அதுவும் ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் பயனில்லை. பூட்டாத பக்கத்து அச்சு வீணே சுழலும். முன்சக்கரம் இரண்டுமே இழுக்காது.

அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் நான் கேட்டறிந்தவை இவை:

1. குறடு போட்டு முறுக்காதீர்கள், திருகின் காது உடைந்துவிடும். உள்ளே பற்கள் நேர்படாமல் இருக்கலாம். வண்டியைச் சற்றே உருட்டிவிட்டுக் கையால் திருப்பிப் பாருங்கள்.

2. காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுவையில் வளைந்து வந்திருந்தால் அச்சுகளில் முறுக்கு ஏறியிருக்கும். இரு சக்கர இழுவைக்கு மாற்றி, நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் இளகும்.

3. அப்படியும் வராவிட்டால் மூடியைக் கழற்றி, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸை மெல்லிசாக மட்டும் தடவுங்கள். அப்பி வைத்தால் அதுவே இறுக்கும். ரப்பர் வளையம் புதிதாகப் போட்டு, போல்ட்டுகளைச் சீராக முடுக்குங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள்.

4. மாதம் ஒருமுறை இரு ஹப்பையும் பூட்டி, இரு சக்கர இழுவையிலேயே சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

மலையில் வண்டி ஓட்டும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே இதைச் சொல்லி வையுங்கள். ஓய்வு கொடுக்கச் செய்த பொருளுக்கும் அவ்வப்போது வேலை கொடுக்கத்தான் வேண்டும்.