ஜென்டில் ஜயண்ட் ஆல்பங்களும் அவற்றின் ரசிகர்களும்

ஜென்டில் ஜயண்ட், 1970 முதல் 1980 வரை இயங்கிய பிரிட்டிஷ் ராக் இசைக்குழு. புரோகிரெசிவ் ராக் வகையில் யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் ஆகிய குழுக்களோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால் விற்பனையில் அவற்றின் கிட்டேகூட வந்ததில்லை. பதினொரு ஸ்டூடியோ ஆல்பங்களும் ஒரு நேரடிக் கச்சேரி ஆல்பமும் வெளியிட்ட இக்குழு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் தொட்ட உச்சம் 48-ஆம் இடம்தான். அதை எட்டியது 1975-இல் வந்த 'ஃப்ரீ ஹேண்ட்'. இருந்தும், குழு கலைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இந்த ஆல்பங்களைச் சுரம் சுரமாகப் பிரித்துப் பார்க்கும் ரசிகர் வட்டம் குறையவில்லை. எண்ணிக்கையில் சிறிய வட்டம், பிடிவாதத்தில் பெரியது.

பின்னணி

குழுவின் மையம் ஷுல்மன் சகோதரர்கள் மூவர்: ஃபில், டெரெக், ரே. போர்ட்ஸ்மத் நகரத்துப் பையன்கள். முன்னதாக இவர்கள் 'சைமன் டுப்ரீ அண்ட் தி பிக் சவுண்ட்' என்ற பாப் குழுவை நடத்தினார்கள். 1967-இல் 'கைட்ஸ்' என்ற பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது. பாடியவர்களுக்கே அது பிடிக்கவில்லை. எல்டன் ஜான் என்று பின்னாளில் உலகறிந்த ரெஜ் டுவைட், பெயர் தெரியாத காலத்தில் இக்குழுவோடு சில நாள் கீபோர்டு வாசித்தவர்.

பாப் வேடத்தைக் கழற்றிவிட்டு 1970-இல் புதிய குழுவைத் தொடங்கியபோது, லண்டன் ராயல் அகாடமியில் இசையமைப்பு படித்த கெர்ரி மினியரும், புளூஸ் கித்தார் வாசித்துவந்த கேரி கிரீனும் சேர்ந்தார்கள். டிரம்ஸில் மார்ட்டின் ஸ்மித், மால்கம் மார்டிமோர் ஆகியோரை அடுத்து 1972-இல் ஜான் வெதர்ஸ் வந்து கடைசிவரை இருந்தார். இரண்டாம் ஆல்பமான 'அக்வயரிங் தி டேஸ்ட்' (1971) உறையில் குழு ஒரு அறிக்கையே அச்சிட்டது: மக்களிடம் எடுபடாமல் போனாலும் சரி, வெகுஜன இசையின் எல்லையை விரிப்பதே நோக்கம் என்று. எடுபடாது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட குழுவை விரும்பி வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்பதை அந்த உறையே சொல்லிவிடுகிறது.

என்னதான் கேட்கிறார்கள்?

மற்ற புரோகிரெசிவ் குழுக்கள் இருபது நிமிடப் பாட்டுகளால் பெயர் பெற்றபோது, ஜென்டில் ஜயண்ட் பாட்டுகளில் பெரும்பாலானவை ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சிக்கல் நீளத்தில் இல்லை, அடர்த்தியில் இருக்கிறது. 'ஆக்டோபஸ்' (1972) ஆல்பத்தில் உள்ள 'நாட்ஸ்' பாட்டில் நான்கு குரல்கள் ஒரே வரியின் அசைகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர், அவர் விட்ட இடத்தில் இன்னொருவர். தனியாக எந்தக் குரலைப் பின்தொடர்ந்தாலும் பொருள் கிடைக்காது. ஸ்காட்லாந்து மனநல மருத்துவர் ஆர். டி. லாங் எழுதிய, அதே பெயர்கொண்ட நூல்தான் இதற்குத் தூண்டுதல். மனித உறவுகளின் சிடுக்கைச் சொல்லும் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான இசை வடிவம் இருக்க முடியாது.

தாளத்திலும் இதே விளையாட்டுதான். 'தி பவர் அண்ட் தி குளோரி' (1974) ஆல்பம் 'புரோக்ளமேஷன்' என்ற பாட்டோடு தொடங்குகிறது. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் எலெக்ட்ரிக் பியானோ ஒரு துண்டுச் சங்கதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கேட்பவரின் கால் தானாகவே தாளம் போடத் தொடங்கும். பிறகு டிரம்ஸும் பேஸ் கித்தாரும் நுழையும்போதுதான் தெரியும், தாம் தட்டிக்கொண்டிருந்தது சமத்தில் இல்லை என்று. கர்நாடக இசையில் எடுப்பு தள்ளி விழும் பல்லவியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'வேலடிக்டரி'யில் இதே இசை கரடுமுரடான தொனியில் திரும்பி வருகிறது. அதிகாரத்துக்கு வந்தவன் ஊழலில் சிக்குவதைச் சொல்லும் கதைதான் இந்த ஆல்பம். வந்ததோ வாட்டர்கேட் ஊழல் வெடித்திருந்த காலம்.

ரசிகர்களைக் கேட்டால் உச்சம் என்று பலர் காட்டுவது 'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்தின் 'ஆன் ரிஃப்ளெக்ஷன்'. வாத்தியமே இல்லாமல் ஒரு குரல் தொடங்க, அடுத்தடுத்து மற்ற மூன்றும் அதன் மேல் ஏறி, நால்வரும் வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். பாக் காலத்து ஃபியூக் வடிவம் இது. நடுவில் மினியரின் மெல்லிய குரலில் ஒரு நிதானமான பகுதி. அது முடிந்ததும், குரல்கள் பாடிய அதே பின்னலை வாத்தியங்கள் எடுத்துக்கொள்கின்றன. 'பிளேயிங் தி ஃபூல்' (1977) என்ற கச்சேரி ஆல்பத்திலோ வரிசையையே மாற்றிவிட்டார்கள். அங்கே நிதானமான பகுதி வாத்தியங்களில் முதலில் வருகிறது, குரல்கள் பின்னால். 1976 ஐரோப்பியப் பயணத்தில் பதிவான இந்த ஆல்பத்தை, ஸ்டூடியோ ஆல்பங்களைவிட மேலாக மதிப்பவர்கள் உண்டு. ஸ்டூடியோவில் ஒட்டிச் சேர்த்த வித்தை என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அது பதில். ரெக்கார்டர் குழல், வயலின், செல்லோ, வைப்ரஃபோன் என மேடையிலேயே வாத்தியம் மாற்றி மாற்றி வாசித்தார்கள்.

ஆனால் எல்லா மேடையும் கைகொடுக்கவில்லை. 1972-இல் பிளாக் சபாத் குழுவுக்கு முன்பாக வாசித்த அமெரிக்கப் பயணத்தில், ஹாலிவுட் பவுல் அரங்கில் கூட்டம் கூச்சலிட்டது. மேடைமேல் வெடி வந்து விழுந்தது.

எது சிறந்தது என்ற வழக்கு

'ஆக்டோபஸ்', 'இன் எ கிளாஸ் ஹவுஸ்' (1973), 'தி பவர் அண்ட் தி குளோரி', 'ஃப்ரீ ஹேண்ட்' ஆகிய நான்கும் பொற்காலம் என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டை அந்த நான்குக்குள்ளும், அவற்றின் விளிம்புகளிலும்தான். 'ஆக்டோபஸ்'தான் மூன்று சகோதரர்களும் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம். அதன் பிறகு ஃபில் விலகினார். அவர் போனபின் வந்த 'இன் எ கிளாஸ் ஹவுஸ்', கண்ணாடி உடையும் ஓசையைச் சுழலவிட்டு, அதையே தாளமாக்கித் தொடங்குகிறது. அமெரிக்க நிறுவனம் இதை வெளியிட மறுத்ததால், அங்குள்ள ரசிகர்கள் இறக்குமதித் தட்டாக வாங்கிக் கேட்டார்கள். கிடைக்காத பொருளுக்கு உண்டான மவுசு இதற்கு இன்றும் இருக்கிறது. அந்த மவுசைக் கழித்துப் பார்த்தாலும் நான்கில் மிகத் துணிச்சலானது இதுதான்.

பள்ளித் தோழர்கள் மூவர் வளர்ந்து தொழிலாளி, ஓவியன், அலுவலகக்காரன் என்று பிரிந்துபோகும் கதையைச் சொல்லும் 'த்ரீ ஃபிரெண்ட்ஸ்' (1972) ஆல்பத்துக்கு, முதலிரண்டைவிட ஒழுங்கானது என்று ஆதரவு. அதே காரணத்துக்காக எதிர்ப்பும். 1976-இல் வந்த 'இன்டர்வியூ' களைப்பில் செய்தது என்று ஒதுக்கப்பட்டு, பிற்பாடு மெல்ல மரியாதை பெற்றது. பங்க் இசை கிளம்பிய 1977-இலிருந்து குழு எளிமையை நாடியது. 'தி மிஸ்ஸிங் பீஸ்' (1977) பாதி பழையது, பாதி புதியது. 'ஜயண்ட் ஃபார் எ டே' (1978) பரம ரசிகர்களாலும் தாங்க முடியாதது. அதன் உறையில் வெட்டி அணிந்துகொள்ள முகமூடி அச்சாகியிருந்தது என்பதே அதைப் பற்றி நினைவில் நிற்கும் செய்தி. 'சிவிலியன்' (1980) கடைசி. அதே ஆண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ராக்சி அரங்கில் கடைசிக் கச்சேரி.

இந்த வீழ்ச்சிக்குக் குழுவையே குறைசொல்லும் வழக்கம் ரசிகர்களிடையே உண்டு. அது முழு நியாயமல்ல. கடினமாக எழுதியபோது வாங்காதவர்களுக்காகத்தான் எளிதாக எழுதிப் பார்த்தார்கள்.

பேணலும் தொடர்ச்சியும்

வெர்டிகோ நிறுவனத்தின் சுழல் முத்திரை கொண்ட முதல் பதிப்புத் தட்டுகள் சேகரிப்பாளர்களுக்குப் புதையல். 1997-இல் 'அண்டர் கன்ஸ்ட்ரக்ஷன்' என்ற தொகுப்பில் வெளிவராத ஒத்திகைப் பதிவுகள் வந்தன. 2019-இல் 30 தட்டுகள் கொண்ட 'அன்பரீட் ட்ரெஷர்' பெட்டி வந்தது. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் 2014 முதல் பல ஆல்பங்களை மறுகலவை செய்தார். முதல் மூன்று ஆல்பங்களின் மூல நாடாக்களில் சில பாட்டுகளே எஞ்சியிருந்ததால், 2017-இல் வெளிவந்த 'த்ரீ பீஸ் சூட்' அவற்றிலிருந்து பொறுக்கிய பாட்டுகளோடு நின்றது.

கோர்க் என்ற சுருக்கப்பெயரில் ரசிகர்கள் வெவ்வேறு நாட்டு நகரங்களில் ஒன்றுகூடுகிறார்கள். அங்கே உரையாடல் மட்டுமல்ல. அந்த நான்கு குரல் பின்னல்களைத் தாமே பயின்று பாடிக் காட்டுவதும் உண்டு. பழைய உறுப்பினர்களும் வந்து கலந்துகொண்டிருக்கிறார்கள். இந்த ரசனையின் உச்ச வடிவம் இதுதான். வெறுமனே கேட்டுத் திருப்தியடைய இந்த இசை விடுவதில்லை. அடுத்தவர் பாடுவதை எண்ணிக்கொண்டே தன் பங்கைப் பாடிப் பார்த்தால்தான் அதன் கட்டுமானம் பிடிபடும்.

அமெரிக்கக் குழுவான ஸ்பாக்ஸ் பியர்ட் 1996-இல் செய்த 'தாட்ஸ்' இந்தக் குரல் பின்னலுக்கு வெளிப்படையான காணிக்கை. ஹிப்-ஹாப்காரர்களின் காது வேறொரு பக்கம் போனது. மேட்வில்லன் இரட்டையர் 2004-இல் 'ஸ்ட்ரேஞ்ச் வேஸ்' பாட்டுக்கு, முதல் ஆல்பத்தின் 'ஃபன்னி வேஸ்' பாட்டிலிருந்து துண்டெடுத்தார்கள். 2023-இல் டிராவிஸ் ஸ்காட்டின் 'யுடோபியா' ஆல்பம் 'புரோக்ளமேஷன்' பாட்டின் துண்டோடுதான் தொடங்குகிறது. அதே ஆண்டு மார்ச்சில் ரே ஷுல்மன் காலமானார். மூல உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்து மீண்டும் மேடையேறியதே இல்லை.

புதிதாகக் கேட்பவர்கள் வெளிவந்த வரிசையில் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்க வேண்டாம். 'ஃப்ரீ ஹேண்ட்' கேளுங்கள். அதில் மெட்டுகள் சட்டென்று பிடிபடும், சிக்கலும் குறையாது. அது ஒத்துக்கொண்டால் 'ஆக்டோபஸ்'. 'இன் எ கிளாஸ் ஹவுஸ்' மூன்றாவதாக இருக்கட்டும். முதல் தடவையில் ஒன்றும் புரியாவிட்டால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; இந்த இசை முதல் தடவைக்காக எழுதப்பட்டதல்ல.